சேங்கொட்டை சுடாத கால்

என் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பத்தொரு நாளும் என்னைப் பார்க்க வந்தவர்கள் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு 'ஐயோ'வும் கொண்டுவந்தார்கள். இரண்டுமே எனக்கு ஆகாதவை. படிக்கிறவர்களும் பாதியில் அந்த 'ஐயோ'வைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு எழுதப் பிடிக்காது.

ஆற்றுத் துறையில் என்னைப் போல நின்று துணி வெளுக்கிற பெண்களுக்காகத்தான் எழுதுகிறேன். கால் போன கதையைவிட, எப்போது கரையேறியிருக்க வேண்டும் என்கிற கதைதான் அவர்களுக்கு உபயோகம். படிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்களுக்குத் துணி காயும் நேரத்தில் வாசித்துக் காட்டட்டும். அவசரமில்லை. எனக்கு இப்போது எதிலும் அவசரமில்லை.

நாங்கள் பினாங்கில் சலவைத் தொழில் செய்கிறவர்கள். மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு ஊருக்குள் நுழைகிற இடத்தில் எங்கள் துறை. தண்ணீருக்குள் வரிசையாகக் கற்கள், வீட்டுக்கு ஒரு கல். கரையிலிருந்து மூன்றாவது கல் எங்களுடையது. என் வீட்டுக்காரர் அதில் துணி அடிப்பார். வெள்ளாவி வைப்பது, துணிக்குக் குறி போடுவது, நீலம் போடுவது எல்லாம் நான். முப்பத்தெட்டு வருஷம். விடியுமுன் தண்ணீரில் வைத்த காலை உச்சி வெயிலுக்குத்தான் எடுப்போம்.

நீலம் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைத் துணியை எவ்வளவு வெளுத்தாலும் அடியில் ஒரு மஞ்சள் நிற்கும். கடைசி அலசலில் நீலக்கட்டியைத் துணியில் முடிந்து தண்ணீரில் ஆட்டினால் அந்த மஞ்சள் மறையும். குறைந்தால் மஞ்சள் தெரியும். கூடினால் துணி பிணம்போல் ஆகிவிடும். அதற்குப் படியும் கிடையாது, கரண்டியும் கிடையாது. உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிப் பார்த்துக் கண்ணால்தான் அறிய வேண்டும். இந்தத் துறையில் என் நீலத்துக்குத் தனிப்பேர் உண்டு. மலை மேலிருக்கும் பங்களாக்காரர்கள் வேறு யாரிடமும் போட மாட்டார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பின்னால் வரப்போவதற்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், சுங்க ஆபீசில் பெரிய வேலையிலிருந்த ஒரு துரை கப்பலேறினார். கடைசி மூட்டையைக் கொடுத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், சாப்பிடக்கூட உட்காராமல் கேட்டார்.

"அஞ்சல, அந்தத் துரைக்கு என்ன வயசுங்கிற?"

"எனக்கெப்படித் தெரியும்? நானா அவனுக்குச் சாதகம் எழுதுனேன்?"

"ஐம்பத்தஞ்சாம். சீக்கு ஒண்ணும் கிடையாது, குதிரை மாதிரி இருக்கான். போதும்னு போறான். ஊர்ல போயி ரோசாச் செடி வைக்கப் போறானாம்."

"அவனுக்குச் சர்க்கார் சோறு போடும்."

"நமக்கு முனியன் போடுவான். கல்லு அவன் கையில இருந்தா போட்டுத்தானே ஆகணும்." முனியன் எங்கள் ஒரே மகன்.

"செடி வைக்கப் போறீங்களா நீங்க?"

அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே மலையைக் காட்டினார். "அங்கேருந்து பாத்தா நம்ம கொடி தெரியுமாம். பங்களாத் தோட்டக்காரன் சொன்னான். வெயில் நாள்ல ஊருக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு மாதிரியாம். இத்தன வருசமா காயப்போடுறோம், ஒரு நாளாவது அதை மேலேருந்து பாக்க வேணாமா?"

மலைக்கு ரயில் போட்டிருக்கிறார்கள். அவருக்கு ரயில் வேண்டாம். தண்ணீர்மலைக் கோயில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மேலே ஒரு பாதை ஏறுகிறது. கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, அங்கங்கே உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமல் இரண்டு பேரும் நடந்தே போக வேண்டும் என்பது அவர் ஆசை. "ரயில்ல மூட்டைதான் போவும். காலு இருக்கறப்பவே நடந்து போயிறணும்" என்றார்.

நான், "அடுத்த தையில பாத்துக்கலாம்" என்றேன்.

தை மாதம் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் துறையில் கல் கொடுப்பது என்று ஒரு வழக்கம். பொங்கல் கழிந்து ஒரு நல்ல நாளில், பெரியவர்கள் இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கிக் கடைசியாக ஒரு வேட்டியை அடித்து அலசிப் பிழிந்து மகன் கையிலும் மருமகள் கையிலும் கொடுப்பார்கள். கல்லின் மேல் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். அதற்குப் பிறகு கூலிக்காக அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டதாகும். ஒரு தரம்தான் கொடுக்கலாம். அதனால்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

முதல் தைக்கு ஒரு பங்களாவின் திரைச்சீலை முழுவதும் வந்து கிடந்தது; விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அடுத்த தைக்கு முனியன் கலியாணம் முடிந்து மருமகள் செல்லம் வந்து இரண்டே மாதம்; குறி எது, கறை எது என்று தெரியாதவளிடம் கல்லை எப்படிக் கொடுப்பது? அதற்கடுத்த தையிலிருந்து ஒரே காரணம். செல்லத்துக்கு நீலம் வரவில்லை. அவள் கையில் கொடுத்தால் வாடிக்கை போய்விடும். இதையே நான்கு தை சொன்னேன். ஐந்தாவது தைக்கு அவர் கேட்கவில்லை. அவர் கேட்பதை நிறுத்தியதும், நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் உடம்பு பலமுறை சொல்லிப் பார்த்தது. அடங்காத தாகம். குடித்த தண்ணீர் நிற்காமல் போனது. ரவிக்கை தொளதொளத்தது. கொல்லையில் நான் போய்விட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று செல்லம் சொன்னாள். "எறும்புக்கும் வேலையில்ல, உனக்கும் வேலையில்ல" என்றேன்.

சேங்கொட்டை தெரியாதவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். அது கறுப்பாக ஒரு கொட்டை, ஊரிலிருந்து கப்பலில் வரும். ஊசியால் குத்தினால் கசியும் பாலைத் தொட்டுத் துணி ஓரத்தில் குறி போட்டு மேலே சுண்ணாம்பு தடவினால், எந்த வெள்ளாவியிலும் போகாது. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்பது அந்தக் குறியால்தான் தெரியும். அதே பால் தோலில் பட்டால் தோல் வெந்துவிடும். ஆனால் தண்ணீரில் நின்று நின்று குதிகால் வெடிக்கும்போது எங்களுக்கு அதுதான் மருந்து. கொட்டையை விளக்கில் காட்டி, வழிகிற எண்ணெயை வெடிப்பில் தொட்டு வைப்போம். ஆண்பிள்ளைகள்கூட அலறுவார்கள். எரிச்சல் ஏறியதும் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்துவிட வேண்டும். எரிச்சல்தான் அளவு, வேறு அளவு கிடையாது.

போன ஆவணியில் என் குதிகால் வெடித்தது. தொட்டு வைத்தேன். எரியவில்லை. கொட்டை பழசு என்று இன்னொன்றைச் சுட்டேன். அதுவும் எரியவில்லை. மூன்றாவதையும் வைத்து அப்படியே விட்டேன். பக்கத்துக் கல்காரி பார்த்து வாயைப் பிளந்தாள்.

"எரியலையாக்கா?"

"உங்களுக்குத்தாண்டி எரியும். இந்தக் காலு முப்பத்தெட்டு வருசம் தண்ணியக் குடிச்ச காலு."

அன்று முழுவதும் துறையில் இதே பேச்சு. எனக்குப் பெருமையாக இருந்தது.

நான்கு நாளில் குதிகால் வெளுத்துக் கொப்பளித்துப் பின் கறுத்தது. வலி இல்லாததால் துணியைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் நின்றேன். நாற்றத்தை வெள்ளாவி அடுப்பின் புகை மறைத்தது. பதினாறாம் நாள் குளிர்காய்ச்சல் வந்து விழுந்தேன். செல்லம் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். உடனே எழுந்துபோய் முனியனை ரிக்சா கூப்பிடச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் பெஞ்சு. காலையில் போய் உட்கார்ந்தோம். உள்ளே கூப்பிடும்போது வெயில் இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்காராமல் என் காலருகே தரையில் குந்தியிருந்தார். யார் மிதித்துவிடுவார்களோ என்று இரண்டு கையாலும் காலைச் சுற்றி வேலி போட்டிருந்தார்.

உள்ளே டாக்டருக்கு உதவியாக ஒரு யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர் இருந்தார், முப்பது வயதிருக்கும். என் மூத்திரத்தில் எட்டுத் துளி எடுத்தார். கண்ணாடிக் குழாயிலிருந்த நீல மருந்தில் விட்டு விளக்கில் காய்ச்சினார். எனக்குக் கலங்கலாக ஏதோ தெரிந்தது.

"செங்கல் நிறம் வந்திட்டுது ஆச்சி" என்றார். "இந்த மருந்து நீலமாவே நிண்டால் சர்க்கரை இல்லை. பச்சையெண்டால் கொஞ்சம், மஞ்சளெண்டால் கூட, செங்கல் நிறமெண்டால் மிச்சம் கூட."

என் வியாதிக்கு நீரிழிவு என்று பெயர். அந்தத் தம்பி பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தின்கிற சோறு உடம்பில் சர்க்கரையாக மாறுகிறது. அதை உடம்பு எடுத்துக்கொள்ள வயிற்றுக்குள் ஓர் உறுப்பு ஒரு நீரைச் சுரக்க வேண்டும். எனக்கு அது சுரப்பது போதவில்லை. அதனால் சர்க்கரை இரத்தத்திலேயே நின்று நாளாக ஆக நரம்பை மரக்கச் செய்துவிடும், புண்ணை ஆறவிடாது.

"கண்ணை மூடுங்கோ ஆச்சி. எங்கை குத்துறனெண்டு சொல்லுங்கோ."

மூடினேன். காத்திருந்தேன். "குத்துப்பா, எவ்வளவு நேரம்" என்றேன். கண்ணைத் திறந்தேன். கால் பெருவிரலில் ஊசி நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொட்டை பழசில்லை. கால் செத்து வருஷங்கள் ஆகியிருந்தன. அடுத்த தை, அடுத்த தை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வருஷங்கள்.

வெள்ளைக்கார டாக்டர் வந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் வராது, டிரெஸ்ஸரிடம் இங்கிலீசில் பேசிவிட்டு என்னைப் பார்த்து மலாயில் ஒரே சொல் சொன்னார்: "பொத்தோங்." வெட்டுவதற்கு மலாய்க்காரர் சொல்லும் சொல் அது. பாசாரில் மீன் வாங்கும்போது தினம் கேட்கிற சொல்.

நான் முடியாது என்றேன். இரண்டு நாள் முடியாது என்றே சொன்னேன். கறுப்பு கணுக்காலைத் தாண்டியது. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அஞ்சல, நான் உன்ன எதுவும் கேட்டு ரொம்ப நாளாச்சு. இத ஒண்ணு கேக்குறேன்."

"மலைக்குப் போவணும்னீங்களே."

"மலை எங்கயும் போவல. நீ இரு."

சம்மதக் காகிதத்தில் பெருவிரல் ரேகை வைக்க மைப்பெட்டியை நீட்டினார்கள். எனக்கு எழுதத் தெரியும் என்று சொல்லி என் பேரை எழுதினேன். நாலெழுத்து. நல்ல அழகாக எழுதினேன்.

மூக்கில் ஒரு துணியை வைத்து அதில் மருந்து சொட்டினார்கள். அழுகிய பழத்தின் இனிப்பு வாசனை. எண்ணச் சொன்னார்கள், ஏழு வரையில் எனக்கு நினைவிருக்கிறது.

விழித்த பிறகு நடந்த ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இல்லாத கால் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் கணுக்கால்வரை நிற்கிறது போலவே இருக்கும். கூழாங்கல் உள்ளங்காலை உறுத்தும். இருந்தபோது நெருப்பைக்கூட அறியாத கால், போன பிறகு ஆற்று மணலை அறிந்தது. முதல் வாரம் இரவுகளில் போர்வையை விலக்கி விலக்கிப் பார்த்தேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

தினமும் இரண்டு வேளை சாப்பாட்டுக்கு முன் ஊசி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுக்கக் காசு கேட்கவில்லை. ஊசி மருந்துக்குத்தான் முனியன் தன் சைக்கிளை விற்றான். விற்றதை என்னிடம் சொல்லவில்லை. அவன் நடந்து வந்த செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

செல்லம் தினம் வந்தாள். சோறு கூடாது என்றதும் கேப்பைக் களியும் கீரையும் கொண்டுவந்தாள். அவளும் வீட்டில் அதையே தின்கிறாள் என்று மகன் சொன்னான், எனக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் எனக்கு ரோசம் வருமாம். என் வீட்டுக்காரர் பகலில் துறை வேலை முடிந்ததும் நடந்தே வருவார். ஒரு நாள் நகம் வெட்டும் சிறுகத்தி கொண்டுவந்து என் இடது கால் நகங்களை வெட்டினார்.

"சீக்கிரம் முடிஞ்சிருச்சே" என்றேன்.

"பாதி வேலதானே" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் மைமூன்பீ. கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்தில் அவள் மகன் காவடிக் கூடையில் சோறு விற்கிறான். அவளுக்கு வயிற்றில் கட்டி. நாள் முழுக்கப் பேசுவாள்.

"ஏனக்கா, வண்ணாத்தி அம்மான்னு சொல்றாங்க, இந்த ஆஸ்பத்திரி விரிப்பு எப்படி இருக்கு, சொல்லுங்களேன்."

"மஞ்சளா இருக்கு. எவன் வெளுத்தானோ."

"எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது."

"உனக்குச் சோறு தெரியும். துணி தெரியாது."

பத்தாம் நாளோ என்னவோ, டாக்டர் குனிந்து என் வெட்டிய காலின் தையலைப் பார்த்தார். அவர் மேல்சட்டை என் முகத்துக்கு நேராக வந்தது. சட்டை மஞ்சளாக இருந்தது. கழுத்துப்பட்டியின் உள்ளே குறி தெரிந்தது: மூன்று புள்ளி, ஒரு கோடு. எங்களிடம் வெளுக்க வரும் துணிக்கு நாங்கள் போடும் குறி.

எனக்கு உடம்பு கூசியது. அன்று செல்லத்தைத் தூக்குவாளியை வைக்கக்கூட நான் விடவில்லை.

"நான் படுத்துப் பத்து நாளாகல, மானத்த வாங்கிட்டியே. டாக்டர் சட்டைய மஞ்சளா அனுப்பியிருக்க. இதுக்குத்தான் நான் கல்லக் கொடுக்கல."

செல்லம் தூக்குவாளியைத் திறந்தாள். களியை உருட்டித் தட்டில் வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றுவிட்டுப் போனாள். நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து டிரெஸ்ஸர் குழாயைக் காய்ச்சிக்கொண்டு என் கட்டிலுக்கே ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆச்சி, பாருங்கோ. நல்ல சேதி."

பார்த்தேன். "எங்க நல்ல சேதி? பழுப்பா ஏதோ இருக்கு. சர்க்கரை இருக்குல்ல."

"பழுப்போ? நல்லாப் பாருங்கோ. நீலம். நல்ல நீலம்."

"தம்பி, நீலத்த நீ எனக்குச் சொல்லாத."

மைமூன்பீ எட்டிப் பார்த்தாள். "அக்கா, அது நீலம்லா. மயில் கழுத்து மாதிரி இருக்கு."

டிரெஸ்ஸர் குழாயை வைத்துவிட்டு என் கண் இமையைத் தூக்கி விளக்குக் காட்டிப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் படலம் வளர்ந்திருக்கிறது என்றார். இந்த வியாதிக்காரர்களுக்குச் சீக்கிரம் வருமாம். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் அது. வெள்ளை மஞ்சளாகத் தெரியும், நீலம் தெரியாமலே போகும். இன்று நேற்று வந்ததில்லை, வருஷக்கணக்கு என்றார்.

அன்று சாயங்காலம் செல்லம் வந்தபோது நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

"செல்லம், உண்மையச் சொல்லு. என் நீலம் எப்படி இருந்துச்சு?"

"எதுக்குத்தை இப்ப."

"கேக்குறேன்ல."

அவள் தூக்குவாளியின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "கூடிப்போச்சுத்தை. கொஞ்ச நாளாவே."

"கொஞ்ச நாள்னா?"

"நான் வந்து மூணாம் வருசத்துலேருந்து."

"அப்புறம் வாடிக்கைக்காரங்க ஏன் வாயத் தொறக்கல?"

"நீங்க கரையேறி வீட்டுக்குப் போனதும் நான் எல்லாத்தையும் மறுபடி அலசிருவேன். அப்புறம் அளவா நீலம் போட்டுக் காயப்போடுவேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"மாமாதான் தண்ணி மொண்டு ஊத்துவாங்க."

நான்கு வருஷம். ஊர் மெச்சிய நீலம் செல்லத்தின் நீலம். அவளுக்கு நீலம் வரவில்லை என்று நான் தையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவள் என் நீலத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரைக் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"சொன்னா ஒடைஞ்சு போயிருப்ப."

"கல்லக் குடுத்திருப்பேன்."

"குடுத்திருக்க மாட்ட. அவள வீட்ட விட்டு அனுப்பியிருப்ப."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் மனசு நோகக்கூடாது என்று முனியனையும் சேர்த்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டார்கள். மனசு நோகவில்லை. கால்தான் போயிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குறை இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

துறைப் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களைவிட்டால் ஆளில்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அதை வேறு யாரிடமாவது கேளுங்கள், அதுவும் உங்களிடம் பயமில்லாத ஆளிடம். கால் நன்றாயிருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் நிற்கலாம் என்று தோன்றும் வருஷம்தான் கரையேற வேண்டிய வருஷம். நிற்க முடியாதபோது இறங்கினால் அதற்குக் கல் கொடுத்தது என்று பேரில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மைமூன்பீ எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், அவள் கட்டில் வெறுங்கட்டிலாகிவிட்டது. அவள் மகன் வந்து எல்லாருக்கும் சோறு கொடுத்துவிட்டுப் போனான். எனக்குக் கூடாது என்று தெரிந்தும் ஒரு வாய் தின்றேன்.

தை பிறந்ததும் கல் கொடுக்க நாள் குறித்தோம். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே கொடுக்கலாம் என்று துறைப் பெரியவர்கள் சலுகை காட்டினார்கள். நான் சம்மதிக்கவில்லை. முனியன் என்னைத் தூக்கிப் போய்க் கல்லின் மேல் உட்கார வைத்தான். இடது காலைத் தண்ணீரில் விட்டேன். குளிர் தெரியவில்லை. அந்தப் பக்கம் இல்லாத காலுக்குத்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் வேட்டியை அடித்தார், நான் பிழிந்தேன், செல்லம் வாங்கிக்கொண்டாள். நீலத்தண்ணீரை அவளே கலக்கினாள். நான் அள்ளிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும் என்று சொன்னேனல்லவா? மகன் தோளில் கிடந்தவள் எப்படித் திரும்பிப் பார்க்காமல் இருப்பது? அவன் முன்னால் நடந்தான். என் முகம் பின்னால் இருந்தது. கரை வரும்வரை கல்லையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு அவர் மலைப் பேச்சை எடுத்தார். "ரயில்ல போலாம் அஞ்சல. வாசல்லேருந்து ரிக்சா, அங்கேருந்து ரயிலு."

"மூட்டைதான் ரயில்ல போவும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அப்ப."

"நான் மூட்டையா வரமாட்டேன். நீங்க நடந்து போயிட்டு வாங்க. ரெண்டு பேருல ஒருத்தருக்காவது காலிருக்கே."

மூன்று நாள் மறுத்தார். நான் விடவில்லை. போன மாசியில் ஒரு நாள் விடிகாலையில் கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். துரைபோல் சப்பாத்துப் போட வேண்டும் என்று செல்லம் கேலி செய்தாள். வெறுங்காலோடுதான் போனார்.

நான் அன்று முழுவதும் வாசலில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார். கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம் காய்ந்திருந்தது. வேட்டி ஓரத்தில் செம்மண். உச்சிவரை ஏறியிருக்கிறார்.

"கொடி தெரிஞ்சுதா?"

"எங்க?" என்றார். "ஒரே மேகம். கைய நீட்டுனா கை தெரியல. நீ வராததே நல்லதாப் போச்சு."

என் கண்ணில் படலம் இருக்கிறது. ஆனால் வானம் எப்படி என்று அறிய வண்ணாத்திக்குக் கண் வேண்டாம். அன்று எட்டு மணிக்குச் செல்லம் உதறிக் கொடியில் போட்ட விரிப்புகளைப் பதினொரு மணிக்கே எடுத்து என் மடியில் போட்டாள். அப்பளம்போல் நொறுங்கின. என் மேல் நாள் முழுக்க வெயில் அடித்தது. அன்று மலையில் ஒரு பொட்டு மேகமில்லை.

முப்பத்தெட்டு வருஷத்துக் கொடியை அவர் மேலேயிருந்து பார்த்துவிட்டார். அதைச் சொல்ல அவருக்கு இந்த ஊரில் ஒரே ஆள்தான், அது நான். என் மனசு நோகக்கூடாது என்று அதையும் அலசிவிட்டார்.

நான் காட்டிக்கொள்ளவில்லை. செல்லத்தை வெந்நீர் வைத்துக் கொடுக்கச் சொன்னேன்.

"மேகமில்லாத நாளாப் பாத்து இன்னொரு தடவ போங்க" என்றேன்.

அவர் வெந்நீரில் காலை வைத்து, அட்டை கடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அடுத்த தையில பாத்துக்கலாம்" என்றார்.